பாய்லருக்குள் விட்ட காற்று

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் தம்பி, எனக்கு வேண்டாம். நான் இறங்க வேண்டியவன். சாத்தூர். இந்த வண்டி ஊருக்குள் போகும்தானே? கண்டக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் போகும் என்றுதான் சொல்கிறான். பைபாஸோடு போய்விடும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி வீட்டைப் பார்க்கப் போயிருப்பேன். சரி, விடுங்கள்.

நீங்கள் எதுவரை? கோவில்பட்டியா. பையைப் பார்த்தால் மருந்துக் கம்பெனி. சரிதானே? பார்த்தீர்களா! இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொன்னவன் நான். மனுசனைச் சொல்ல மாட்டேனா?

எனக்குத் தொழில் கேஸ் கட்டிங். நாற்பது வருடம். ஆதிமூலம் என்று கேட்டால் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் பழைய இரும்புக்காரன் ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்வான். நம்பாதீர்கள். நான் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

சிவகங்கைப் பக்கம் ஒரு ஜமீன் வீட்டில் இரும்புப் பெட்டி. ஆள் உயரம். சாவி தொலைந்து எழுபது வருடம். என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் வெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு பெட்டி. அதை வெட்டினேன். உள்ளே இன்னொன்று. குடும்பமே சுற்றி நிற்கிறது, ஒருத்தரும் எச்சில் விழுங்கவில்லை. ஏழாவது பெட்டி வெற்றிலைச் செல்லம் அளவுதான். அதைத் திறந்தால் உள்ளே பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது, முதல் பெட்டியின் சாவி! பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார் பெரிய ஜமீன்தார். எப்படிப் பூட்டினார் என்று கேட்காதீர்கள். எனக்கு வெட்டத்தான் தெரியும்.

சிரிக்காதீர்கள், நிஜம்.

இந்த இடது கையைப் பாருங்கள். உள்ளங்கையில் பளபளவென்று இருக்கிறதே, தடவிப் பாருங்கள், ரேகையே கிடையாது. எந்த ஜோசியனும் எனக்கு ஜோசியம் சொல்ல முடியாது. இது எப்படி வந்தது தெரியுமா? கொதிக்கிற பாய்லருக்குள் ஒருத்தன் எரிந்துகொண்டிருக்கிறான். வெயிலுமுத்து என்று பெயர். என்னோடு பதினோரு வருடம் ஒன்றாக வெட்டியவன், என் தம்பி மாதிரி. ஆள் நுழைகிற ஓட்டை இவ்வளவுதான், பஸ் ஸ்டீயரிங் அளவு. நான் இந்தக் கையை உள்ளே விட்டு அவன் பெல்ட்டைப் பிடித்து, ஒற்றைக் கையால், ஒற்றைக் கையால் தம்பி, வெளியே எடுத்துப் போட்டேன். கிணற்றிலிருந்து வாளி எடுக்கிற மாதிரி.

அப்படி எடுத்துப் போட்ட என்னோடு அவன் முப்பத்தொரு வருடமாகப் பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஆள் அனுப்பினேன். வாங்கி வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டானாம். என் வீட்டுக்காரி இறந்ததற்கும் வரவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? நீங்களே சொல்லுங்கள். படித்தவர். காப்பாற்றியது தப்பா?

திருமங்கலம் வந்துவிட்டதா அதற்குள்? என்ன ஓட்டு ஓட்டுகிறான் இவன். கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன?

அவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்தான் வெயிலுமுத்து, கொஞ்சம் வெயில்கூடத் தாங்கமாட்டான். கேஸ் கட்டிங்குக்கு வந்தவன் சூட்டுக்குப் பயந்தால் எப்படி? தினமும் கேலி செய்வோம். "டேய் வெயிலு, ஒனக்கு மாரிமுத்துன்னு பேரு வச்சிருக்கணும்டா" என்று நான் சொன்னால், "நீங்க மட்டும் என்னண்ணே, ஆதிமூலம்னு வச்சிருக்காக, யானை கூப்புட்டா ஓடுவீகளா?" என்பான். வாய் ஜாஸ்தி. ஆனால் கை சுத்தம். அவன் வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் சோப்பு மாதிரி இருக்கும். என்னைவிட நன்றாக வெட்டுவான். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு கெட்ட பழக்கம், பீடி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. அவன் சம்சாரம் சீனியம்மாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, முத்துப்பேச்சி. அதற்கு இழுப்பு. புகை பட்டால் போதும், நெஞ்சு குழி விழுந்துவிடும். ஒரு ஆடி மாதம் இருக்கன்குடி அம்மன் கோவிலுக்குப் போய்க் குழந்தைக்கு மொட்டை போட்டார்கள். நானும் போயிருந்தேன். சந்தனம் தடவின அந்த மொட்டைத் தலையில் இவன் கையை எடுத்து வைத்து, "சொல்லுங்க, ஆத்தா சாட்சியா சொல்லுங்க, இனிமே பீடியத் தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்று நின்றாள் சீனி. கூட்டமே பார்க்கிறது. இவன் சத்தியம் செய்தான். குழந்தை தலையைத் தூக்கி, "ஈரமா இருக்குப்பா" என்றது.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்துத்தான் அந்த பாய்லர். சித்திரை வெயில். சாத்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு நூல் மில். பெயர் வேண்டாம், இப்போது அங்கே மில்லும் இல்லை. பாய்லர் என்றால் வீட்டில் வெந்நீர் போடுவது இல்லை, நான்கு மாட்டு வண்டியை வரிசையாக உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிய இரும்புப் பீப்பாய். மூன்று அங்குலக் குழாய்கள் உள்ளே நெடுக ஓடும். அந்தக் குழாய்களை உள்ளே போய் வெட்டித் தள்ளிவிட்டுப் பிறகு வெளித் தகட்டைத் துண்டு போட வேண்டும். கான்ட்ராக்டர் பிச்சையா. நானும் வெயிலுவும் மாற்றி மாற்றி உள்ளே இறங்குவோம். அன்றைக்கு மத்தியானம் அவன் முறை. உள்ளே போனவன் ஒரு பீடியைப் பற்ற வைத்தான். தீ பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். விசாரிக்க வந்த அதிகாரியும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். "பணியின்போது பீடி பற்றவைத்ததால்" என்று.

என்ன கேட்டீர்கள்?

குழந்தை தலையில் சத்தியம் செய்தவன் எப்படிப் பீடி பற்ற வைத்தான் என்றா?

தம்பி, நீங்கள் மருந்துக் கம்பெனிதானே? போலீஸ் இல்லையே?

பையிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்கள். நான் அண்ணாந்துதான் குடிப்பேன்.

முப்பத்தொரு வருடமாக இந்தக் கதையை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில். கையைக் காட்டுவேன், "அப்படியா!" என்பார்கள். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. நான் சத்தியத்தைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை, அதனால் இருக்கும். உங்களிடம் ஏன் சொன்னேன்? தெரியவில்லை. சாத்தூர் கிட்டே வருகிறதே, அதனாலோ என்னவோ.

இந்த இடது கை இருக்கிறதே, இது பாய்லரில் சுட்டது இல்லை. பரோட்டாக் கல். சின்ன வயதில் திருமங்கலத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தேன். வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டேன். போதுமா?

அவன் பீடி குடிக்கவில்லை.

அவன் சட்டைப் பையில் தீப்பெட்டி கூடக் கிடையாது. வெட்டுகிற டார்ச்சைப் பற்ற வைக்கச் சிக்கிமுக்கி லைட்டர்தான் வைத்திருந்தான். பீடி வாடையை மறக்க ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். ஒன்பது மாதமும் ஏலக்காய்தான். "அண்ணே, நான் இப்போ பாயாசம் மாதிரி மணக்கேன்" என்பான்.

கேஸ் கட்டிங் எப்படி என்று தெரியுமா உங்களுக்கு? இரண்டு சிலிண்டர். ஒன்றில் எரிகிற கேஸ். இன்னொன்றில் ஆக்சிஜன், கறுப்புச் சிலிண்டர். பார்க்கிறவர்கள் தீதான் இரும்பை வெட்டுகிறது என்று நினைப்பார்கள். தீ வெட்டாது. தீ இரும்பைச் சிவக்க வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சிவந்த இடத்தில் லீவரை அமுக்கி ஆக்சிஜனை விட்டீர்கள் என்றால் இரும்பே பற்றி எரிந்து பொறி பொறியாகக் கொட்டும். வெட்டுவது காற்று. நாற்பது வருடம் நான் பிழைத்தது அந்தக் காற்றில்தான்.

அதே காற்றில்தான் குளிப்போம். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் வேலை என்றால் மத்தியானம் ஆள் செத்துவிடுவான். ஆக்சிஜன் சில்லென்று வரும். ரப்பர் ஓஸைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு கொஞ்சம் திறந்துவிட்டால், ஆகா, குற்றாலம் தோற்றுப்போகும். சட்டை உப்பிக்கொண்டு நிற்கும். தலைத் தூசியும் அதில்தான் ஊதுவோம். சாப்பிட்டுவிட்டு வந்து ஆளுக்கு இரண்டு நிமிடம். எல்லோரும் செய்ததுதான். பிச்சையா பார்த்தால் சத்தம் போடுவார், "காத்த வீணாக்காதீங்கடா" என்று. ஆபத்து என்று அவரும் சொன்னதில்லை. இரும்பையே எரிக்கிற காற்று, சட்டையை விடுமா என்று எங்கள் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நாற்பது பேர் இருப்போம் தம்பி, அந்தப் பக்கத்தில் கட்டர்கள். நாற்பது பேரில் ஒருத்தனுக்கும்.

அன்றைக்கு அவன் உள்ளே இருந்து கூப்பிட்டான். "அண்ணே, மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்து விடுங்கண்ணே." உள்ளே புகை, சூடு, நல்ல காற்று வர வழியில்லை. நான் மேலே ஓட்டைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் விட வேண்டியதுதானே? உதிரி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. ஓஸை மாட்டி, நுனியை ஓட்டை வழியாக உள்ளே தொங்கவிட்டுத் திறந்தேன். "எப்படிடா இருக்கு?" என்றேன். "அண்ணே, கொடைக்கானல்ண்ணே" என்றான். பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினான். கால் மணி நேரம் அப்படியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டை, பனியன், தலைமுடி எல்லாம் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரே ஒரு பொறி. தினமும் மேலே விழுந்து அணைகிற பொறிதான். அது பனியனில் விழுந்தது, பனியன் வெடித்த மாதிரிப் பற்றிக்கொண்டது. துணி எரிவதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படி இல்லை. ஒரே ஒளி. ஓட்டைக்குள் சூரியன் உதித்த மாதிரி.

ஏன் சிரிக்கிறீர்கள்?

காற்றில் சட்டை எரியுமா என்றா?

அந்த ஏழு பெட்டிக் கதையை நம்பினீர்களே தம்பி. சாவி உள்ளே இருந்ததை நம்பினீர்கள். இதை நம்ப மாட்டேன் என்கிறீர்களா?

பரவாயில்லை. சிரியுங்கள். ஊரே அப்படித்தான் சிரித்திருக்கும். அதனால்தான் பீடி என்றால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. பிச்சையாதான் அந்த யோசனையைக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. அதிகாரி வந்து நின்றபோது நான் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். "பீடி பத்த வச்சிட்டான் சார். அப்படித்தானே ஆதிமூலம்?" என்றார் பிச்சையா. நான் வாயைத் திறக்கவில்லை தம்பி. சத்தியமாகத் திறக்கவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். ஆயுசு முழுக்க வாயால் எத்தனையோ அளந்திருக்கிறேன், அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இது ஒன்றுதான், ஒரு தலையாட்டு.

வெயிலு பிழைத்தான். முதுகு, நெஞ்சு, கழுத்து எல்லாம் வெந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நான்கு மாதம். தொண்டைக்குள்ளும் சூடு இறங்கிவிட்டது, பேச்சு வரவில்லை. அவன் வாய் திறக்க முடியாமல் கிடந்த அந்த நான்கு மாதத்தில் ஊர் முழுக்கப் பீடிக்கதை பரவிவிட்டது. மூன்றாவது மாதம், குழந்தை முத்துப்பேச்சி இழுப்பு வந்து போய்விட்டது.

ஆமாம்.

சீனியம்மாளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆத்தா சாட்சியாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், சத்தியத்தை மீறினான், ஆத்தா அவனையும் சுட்டாள், பிள்ளையையும் எடுத்துக்கொண்டாள். அவள் அவனை விட்டுப் போகவில்லை. புண்ணுக்கு மருந்து போட்டாள், வாழை இலையில் படுக்க வைத்தாள், ஊட்டி விட்டாள். பிறகு இரண்டு ஆண் பிள்ளைகள் கூடப் பிறந்தார்கள். ஆனால் வருடா வருடம் குழந்தை திதி வருமே, அன்றைக்கு அவனைப் படத்துக்கு முன்னால் நிற்க விட மாட்டாளாம். "நீங்க வெளிய நில்லுங்க" என்பாளாம். அவ்வளவுதான் சொல்வாளாம். முப்பத்தொரு வருடமாக அவன் பெற்ற பிள்ளைக்குச் சூடம் காட்டுகிறபோது அவன் தெருவில் நிற்கிறான்.

பேச்சு வந்த பிறகு அவன் சொல்லாமலா இருந்திருப்பான்? சொல்லியிருக்கிறான். "ஒங்க ஆதிமூலண்ணனே தலையாட்டியிருக்காரு, அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று கேட்டாளாம். நான் பொய்யே சொல்லாதவன் என்று என்னை நம்பிய ஒரே ஆள் அவள்தான். வேறு யாராவது என்றால் அடித்துச் சிரித்திருப்பார்கள்.

இது விருதுநகரா? பரோட்டா வாசனை வருகிறதே. இங்கேதான் தம்பி நான் போன திங்கட்கிழமை இறங்கினேன். புதன்கிழமையும் இறங்கினேன். சாத்தூருக்குத்தான் டிக்கெட். இங்கே இறங்கி இரண்டு எண்ணெய்ப் பரோட்டா தின்றுவிட்டு எதிர் வண்டியில் ஏறி மதுரைக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை அவனுக்குப் போன் போட்டு எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். புதன்கிழமை, வழியில் பாலம் உடைந்துவிட்டது என்று சொன்னேன். வைப்பாற்றில் தண்ணீர் ஓடிப் பத்து வருடம் ஆயிற்று, பாலம் எப்படி உடையும்? அவன் "சரி" என்றான்.

ஆமாம், அவன்தான் கூப்பிட்டான். போன வாரம். அவன் சின்ன மகன் எங்கேயோ என் நம்பரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். முப்பத்தொரு வருடம் கழித்து அந்தக் குரல். முன்பு அண்ணே என்று கூப்பிடும் குரல், இப்போது உமியைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. "ஆதிமூலமா? நான் வெயிலுமுத்து" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

"சீனி கெடையில கெடக்கா. கிட்னி ரெண்டும் போச்சு. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாரு. நீ வந்து அவகிட்ட ஒத்த வார்த்தை சொல்லணும். நான் பீடி குடிக்கலன்னு. அவ போறதுக்குள்ள. ஒத்த வார்த்தை. கதை விடாத."

பிறகு அவனே சொன்னான், "ஒன் மேல தப்பு இல்ல. நான்தான காத்து கேட்டேன். அத நானே அவகிட்டச் சொல்லிக்கிடுதேன். நீ பீடி இல்லன்னு மட்டும் சொல்லு, போதும்."

அவன்தான் கேட்டானாம். அவன் மேல்தான் தப்பாம்.

இதுதான் தம்பி என் தொண்டையில் நிற்கிறது. உங்களுக்கு விளங்குகிறதா? பீடி இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் சீனி விடுவாளா? "அப்போ எப்படிண்ணே எரிஞ்சது?" என்பாள். சாகப் போகிறவள் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? காற்று என்று சொல்ல வேண்டும். பற்றிக்கொண்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று அடுத்தது கேட்பாள். பக்கத்தில் அவன் நிற்பான். அவனுக்கு அது தெரியாது.

யாருக்கும் தெரியாது. பிச்சையாவுக்குத் தெரியும், அவர் போய்விட்டார். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள்தான் நம்ப மாட்டேன் என்கிறீர்களே, உங்களிடம் சொல்வதில் ஒன்றும் கெட்டுவிடாது.

உள்ளே பற்றிக்கொண்டதும் அவன் கத்தினான். "அண்ணே, மூச்சு, மூச்சு" என்று கத்தினான். எனக்குக் கண் கூசி உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூச்சு என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர் இருக்கும், அதில் ஒரு திருகு. தளர்த்தினால் காற்று குறையும். முறுக்கினால் கூடும். இதோ, இந்தக் கைதான். வலது கை. பரோட்டாக் கல்லில் சுடாத கை.

நான் முறுக்கினேன் தம்பி.

மூச்சு முட்டுகிறது என்கிறானே, இன்னும் கொஞ்சம் காற்று கொடுப்போம் என்று முறுக்கினேன். ஒளி கூடியது. அவன் கத்துவதும் கூடியது. அதனால் இன்னும் முறுக்கினேன். அதுதான் அவனுக்கு நல்லது என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பிச்சையா எங்கிருந்தோ ஓடி வந்து என்னை நெஞ்சில் உதைத்துத் தள்ளிவிட்டுச் சிலிண்டரை மூடினார். வெயிலு தானாகத்தான் ஏறி வெளியே வந்தான். நான் கையைக் கொடுக்கவில்லை. நான் கீழே கிடந்தேன். பிச்சையாதான் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். முதலில் பிடித்த தீயோடு போயிருந்தால் முதுகு மட்டும்தான் வெந்திருக்கும். கழுத்தும் தொண்டையும் நான் முறுக்கியதில் போனது. தொண்டை நன்றாக இருந்திருந்தால் மறுநாளே சீனியிடம் சொல்லியிருப்பான். நான் பீடியைத் தொடவில்லை என்று, அவன் வாயால், குழந்தை உயிரோடு இருக்கும்போதே.

இப்போது நீங்கள் சிரிக்கவில்லை.

இருங்கள், போன் அடிக்கிறது. எந்தப் பட்டனோ... இது பச்சையா சிவப்பா, எனக்குக் கண் கூசிக் கூசி இரண்டும் ஒன்றுதான். அழுத்திவிட்டீர்களா?

ஹலோ. ஆமா. நான்தான். வந்துக்கிட்டேதான் இருக்கேன் வெயிலு. இல்லப்பா, இன்னைக்கு உண்மையிலேயே ஏறிட்டேன். ஆனா பாரு, ஆர்.ஆர். நகர் தாண்டி வண்டி டயர் வெடிச்சிருச்சு. டமார்னு. முன் டயரு. கண்டக்டர் ஸ்டெப்னி இல்லங்கான். எல்லாரும் ரோட்டுலதான் நிக்கோம். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நீ எனக்காகக் காத்துக் கெடக்காத, சீனியப் பாத்துக்கோ. என்னது? ஆமா, ரோட்டுலதான். வேப்ப மரத்தடியில. என்ன? எங்க நிக்க?

நீ எங்க நிக்க?

தம்பி, வெளியே பாருங்கள். நீங்கள்தானே ஜன்னல் ஓரம். பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டோமா? அந்தக் காராச்சேவுக் கடைக்கு முன்னால் ஒருத்தன் நிற்கிறானா? இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு? காதில் போன் வைத்திருக்கிறானா?

காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறானாம். மதுரை வண்டி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு. நான் டயர் வெடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, டயர் வெடித்த வண்டி அவன் முன்னாலேயே திரும்பி வந்து நிற்கிறது. கோபப்படவே இல்லை. என்ன சொன்னான், கேட்டீர்களா? நீங்களும் கேட்டிருப்பீர்கள், இந்தப் போன் ஊருக்கே கத்துகிறது.

"எறங்குங்கண்ணே. சீனி முழிச்சிருக்கா."

அண்ணே என்கிறான்.

திட்டியிருந்தால் கோவில்பட்டி வரைக்கும் உங்களோடு வந்திருப்பேன் தம்பி. டிக்கெட் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கே போயிருப்பேன்.

கொஞ்சம் அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். அதில்லை, பக்கத்தில் இருக்கிறதே, மஞ்சள் பை. ஏலக்காய்தான் இருக்கிறது. மதுரையில் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் ஊருக்குப் போய் வீட்டில் யாரிடமாவது சொல்வீர்கள், பஸ்ஸில் ஒரு கிழவன் வந்தான் என்று. ஏழு பெட்டிக் கதையைச் சொல்லுங்கள். நல்ல கதை, பிள்ளைகள் சிரிக்கும். திருகு முறுக்கினதை மட்டும் இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரிடமும் சொல்லாதீர்கள். அதை முதலில் அவன் கேட்க வேண்டும். சீனி கேட்பதற்கும் முன்னால். இந்த ஸ்டாண்டிலேயே, அந்தக் கடை வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு வரைக்கும் நடந்தால் வழியில் வேறு ஒரு கதை வந்துவிடும் எனக்கு.

கால் மரத்துவிட்டது. இருங்கள், எழுந்துவிட்டேன்.

ஏப்பா கண்டக்டரு, விசில் அடிச்சிராத. எறங்க ஆள் இருக்கு.